பீச்சாங்கைக்கு ஒரு சாக்ஸ்

கோயிலில் கும்பிடும்போது இரண்டு கையும் ஒட்டிக்கொள்கிறதே, சோத்தாங்கைக்குத் தீட்டு ஆகாதா என்று அத்தையிடம் ஒருமுறை கேட்டேன். உதை வாங்குவதற்காகவே கேட்ட கேள்வி. ஆனால் அத்தை உதைக்கவில்லை. மணிமங்கலம் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியபடியே கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்.

"சாமி முன்னாடி ரெண்டும் ஒண்ணு. மன்சன் முன்னாடிதான் வேற வேற. கேக்குறான் பாரு கேள்வி, பத்தாவதுல கோட்டடிச்ச நாயி."

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. அதனால் எங்களைத் திட்டுவதற்கு அவளுக்கு நிறைய நேரம் இருந்தது. இந்த உலகத்தில் அவளுக்கு எதிரி என்று ஒன்றே ஒன்றுதான்: இடது கை. யாருடைய இடது கை என்பதெல்லாம் கணக்கில்லை. பஸ் கண்டக்டர் இடது கையால் டிக்கெட் நீட்டினால் வாங்க மாட்டாள், படப்பை வந்தாலும் வாங்க மாட்டாள். கல்யாண வீட்டில் இடது கையால் தாம்பூலம் கொடுத்த பெண்ணின் அம்மாவைத் தேடிப்போய், "பொண்ணு வளத்த லட்சணம் நல்லாகீது" என்று சொல்லிவிட்டு வந்தவள். நான் அவளுக்குப் பீச்சாங்கை போலீஸ் என்று பெயர் வைத்திருந்தேன். பெயரை அவள் ரசித்தாள் என்றுதான் நினைக்கிறேன். போலீஸ் என்ற பாதி பிடித்திருக்கும்.

காலையில் கம்பெனி பஸ்ஸில் இருவரும் ஒன்றாகத்தான் போவோம். ஒருநாள் அவள் காதில் ஓதினேன்.

"அத்தே, டிரைவரைப் பாரு. கியரை பீச்சாங்கையாலதான் போட்றாரு. எறங்கிடு."

ஒரகடம் தாண்டும் வரை அந்த டிரைவரின் கையையே முறைத்துக்கொண்டு வந்தாள். அந்த ஆளும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, என்ன தப்பு செய்தோமோ என்று நெளிந்தார். கடைசியில் அத்தை என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"கியரு இன்னா, சோறாடா? அது கீய எங்கயோ கெடக்கற கம்பி. அதுக்கு இந்தக் கை போதும்."

இப்படி அவளுடைய சட்டத்தில் விலக்குகள் உண்டு. ஆனால் விலக்கை அவள்தான் கொடுக்க வேண்டும்.

எங்கள் கம்பெனி ஸ்ரீபெரும்புதூர் பக்கம், காருக்கு ரப்பர் சாமான் செய்கிற இடம். நான் பேக்கிங்கில் கான்ட்ராக்ட் ஆள். அத்தை கேன்டீனில் சாம்பார், அப்பளம். ஒரு மத்தியானம் தெற்கேயிருந்து புதிதாக வந்த டிரெயினி பையன் ஒருவன், வலது கையில் தட்டை வைத்துக்கொண்டு இடது கையை அப்பளத்துக்கு நீட்டினான். அப்பளம் அந்தரத்தில் நின்றது.

"கை மாத்து."

"எக்கா, எனக்கு இந்தக் கைதான்க்கா வாட்டம். சின்னப் புள்ளையில இருந்தே."

"சின்னப் புள்ளையில உங்கம்மா இன்னா பண்ணிகினு இருந்தா?"

"அம்மைக்கும் இந்தக் கைதான்க்கா."

அத்தையின் கையில் அப்பளம் நொறுங்கியது. ஒரு குடும்பமே அப்படி இருக்கும் என்று அவள் அதுவரை நினைத்தே பார்த்ததில்லை. பின்னால் வரிசை கத்துகிறது, சூப்பர்வைசர் எட்டிப் பார்க்கிறார், அத்தை அசையவில்லை. பையன் வேறு வழியில்லாமல் தட்டைக் கை மாற்றினான். தட்டு சாய்ந்து புது யூனிபார்ம் பேன்ட் முழுக்க சாம்பார். அத்தை அவன் தட்டில் இரண்டு அப்பளம் வைத்தாள்.

"இப்ப மன்சனா நிக்கிற. போய் துன்னு."

அவள் படித்தவள் இல்லை. கேன்டீனில் சேர்ந்தபோது கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். இடது கைப் பெருவிரல்தான் வைக்க வேண்டும் என்று ஆபீஸ் பையன் சொல்ல, வலது பெருவிரலைத்தான் வைப்பேன் என்று இவள் நிற்க, ஒரே ரகளை. ஆபீசில் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து என்னை உட்காரவைத்து, தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள். ஒரு வாரம் என் உயிரை எடுத்தாள். எழுத்தறிவு இயக்கக்காரர்கள் எத்தனை முறை கூப்பிட்டும் போகாதவள், இடது பெருவிரலில் மை படக்கூடாது என்பதற்காகக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்தில் பாதி என்னுடைய எழுத்துப்பிழை.

இப்படிப்பட்டவள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் என் அக்கா பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள்.

குழந்தை எட்டாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்டது. பிறந்ததும் அழவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள், மூக்கில் குழாய். அக்கா வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். வெகுநாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பாப்பா ஒரு துண்டுக்குள் காணாமல் போகிற அளவுக்கு இருந்தாள். "இதுக்கா இவ்ளோ பெரிய தொட்டில்?" என்று கேட்டு அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

ஆனால் தேறினாள். பால் குடித்தாள், சிரித்தாள், என்னைப் பார்த்தால் அழுதாள், எல்லாம் சரியாக இருந்தது. வலது கையை மட்டும் எப்போதும் இறுக்க மூடி, மார்போடு வைத்துக்கொண்டிருப்பாள். பெருவிரல் உள்ளே மாட்டியிருக்கும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதையே கொஞ்சினார்கள். "கைய தொறக்கவே மாட்றா பாரு, பெரிய கஞ்சம்", "மாமியார் வூட்டு சொத்த கெட்டியா புடிச்சினு கீறா". எங்கள் தெருவில் குழந்தை எது செய்தாலும் அதற்கு ஒரு பெருமை தயாராக இருக்கும்.

ஆறு மாதம் தாண்டியதும் கிலுகிலுப்பை காட்டினால் பிடிக்க ஆரம்பித்தாள். சட்டென்று, படு வேகமாக, இடது கையால்.

அத்தை இதைப் பார்த்த காட்சியை நான் மறக்க மாட்டேன். சமையற்கட்டு வாசலில் தேங்காய்மூடியோடு நின்றவள், பாம்பைப் பார்த்தவள் போல் பின்னால் நகர்ந்தாள்.

"அடியேய். இதுவுமா?"

"கொழந்த அத்தே. அதுக்கு இன்னா தெரியும்" என்றாள் அக்கா.

"இப்ப தெரியாதது எப்ப தெரியும்? அந்த டிரெயினி பையன் அம்மாவும் இப்பிடித்தான் சொல்லியிருப்பா."

அன்று சாயங்காலமே படப்பை கடைத்தெருவில் ஒரு குட்டி சாக்ஸ் வாங்கிவந்தாள். மஞ்சள் நிறம், வாத்து படம் போட்டது. ஒரு ஜோடியாகத்தான் கொடுப்பார்கள். இன்னொன்றை எங்கே போட்டாளோ தெரியாது. பாப்பாவின் இடது கையில் மாட்டி, மணிக்கட்டில் ரிப்பனால் முடிச்சுப் போட்டாள். பாப்பா அந்த வாத்தை முறைத்துப் பார்த்தது. வாயில் வைத்துச் சப்பியது. பிறகு அதனாலேயே தன் மூக்கில் குத்திக்கொண்டு அழுதது.

"அழுவட்டும். சோத்தாங்கைய எடுத்தா அயுகை நின்னுடும்" என்று அத்தை எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தே, ஆறு மாசத்துக் குழந்தைய அரெஸ்ட் பண்ண உனக்கு வெக்கமா இல்ல?" என்றேன்.

"நீ போடா. உனக்கும் ஒண்ணு வாங்கியிருக்கணும். வாய்க்கு."

சோத்தாங்கை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் பாவம் என்று சாக்ஸைக் கழற்றியிருப்பார்கள், இல்லை குழந்தைக்குப் பிடிவாதம் என்று சொல்லியிருப்பார்கள். அத்தை அப்படி விடுகிற ஆள் இல்லை. வேலைக்குப் போகுமுன் ஒரு தரம், வந்தபின் ஒரு தரம். பளபளவென்று விளக்கிய கரண்டியைப் பாப்பாவின் வலது பக்கம் ஆட்டுவாள். பாப்பா திரும்பும், பார்க்கும், வாயைப் பிளக்கும், உடம்பே துள்ளும். வாத்து பறந்துவந்து கரண்டியை அடிக்கும். வலது கை மட்டும் மடங்கிய முழங்கையோடு அப்படியே கிடக்கும்.

நான்கைந்து நாள் கழித்து அத்தை கரண்டியைத் தரையில் வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"இது பீச்சாங்கைக்காரி இல்லடி" என்றாள் அக்காவிடம். "சோத்தாங்கை வேலைக்கே வரல. ஆப்சென்ட்டு."

அக்கா பாப்பாவை வாரி எடுத்துக்கொண்டாள்.

"கண்ணு வெக்காத அத்தே. கொறமாசத்துக் கொழந்த, மெதுவாதான் வரும்னு டாக்டர் சொல்லல?"

"மெதுவா வந்தா ரெண்டு கையும் மெதுவா வரணும். ஒண்ணு எக்ஸ்பிரஸ்ஸா போவுது, ஒண்ணு டிப்போவ விட்டே கெளம்பல. இது எப்பிடிடீ?"

அக்காவுக்கும் தெரியும் என்பது அவள் அழுத அழுகையில்தான் எனக்குப் புரிந்தது. வெயில் காலத்தில் அந்தக் குழந்தைக்கு முழுக்கை சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவின் புருஷன் வீட்டிலிருந்து, அதாவது மாமா வீட்டிலிருந்து, யாராவது வந்தால், வலது கை தன் மார்புப் பக்கம் மறைகிற மாதிரியே தூக்கிவைத்துக்கொள்வாள். இன்னும் கொஞ்ச நாளில் மணிமங்கலத்தில் மாமா வீட்டுக்குத் திரும்ப வேண்டும். முதல் குழந்தை, பெண் குழந்தை, அதிலும் ஒரு கை வராத குழந்தை என்று அந்த வீட்டுப் படியேறுவதை நினைத்தே அவள் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அத்தை பேசாமல் இருக்கிற பிறவியா? தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு நாளைக்கு போறோம். நீ வர்லன்னா கொயந்தைய நான் தூக்கினு போறேன். பீச்சாங்கையில சோறு துன்ற பொண்ண என்னால பாத்துகினு இருக்க முடியாது, சொல்லிட்டேன்."

கடைசிவரை அவள் சொன்ன காரணம் அதுதான். வேறு காரணம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும்.

தாம்பரம் வரை பஸ், அங்கிருந்து ரயில். நானும் போனேன், பை தூக்க. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்கு எக்சர்சைஸ் சொல்லித்தரும் ஒரு மேடத்திடம் அனுப்பினார். சின்ன வயசு, கண்ணாடி, வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. தரையில் பாய் விரித்து பாப்பாவைக் குப்புறப் போட்டார், மல்லாத்தினார், உட்காரவைத்தார், காலை மடக்கிப் பார்த்தார். பிறகு ஒரு மெல்லிய கைக்குட்டையைப் பாப்பாவின் முகத்தில் போட்டு, வலது கையை லேசாகப் பிடித்துக்கொண்டார். இடது கையில் வாத்து சாக்ஸ் இருந்தும் பாப்பா ஒரே தட்டில் கைக்குட்டையைத் தள்ளிவிட்டுச் சிரித்தது. எங்களுக்கெல்லாம் பெருமை.

அடுத்து இடது கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பவும் கைக்குட்டையைப் போட்டார்.

வலது கை வந்தது. மூடிய முஷ்டி, தோள் மட்டும் தூக்கி, கன்னத்தில் வந்து இடித்தது. துணி அசையவில்லை. தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பியது. இன்னொரு முறை இடித்தது. துணிக்குள்ளிருந்து அழுகை கேட்டது. அக்கா பாய்ந்து துணியை எடுக்கப் போனாள், மேடமே எடுத்துவிட்டார்.

"பொறக்கும்போது மூளையோட இடது பக்கத்துல கொஞ்சம் அடி பட்டிருக்கலாம்மா. அதுதான் வலது கையையும் காலையும் ஓட்டுது. அதனால அந்தப் பக்கம் வெறைப்பா இருக்கு. மருந்து குடிச்சா போறது இல்ல. ஆனா இது கூடிட்டே போற நோயும் இல்ல. மூளை இப்ப கத்துக்கிற வயசு. நீங்க சீக்கிரம் வந்திருக்கீங்க. நெறைய பேர் ஒன்றரை வயசுல, நடக்கலைன்னுதான் வருவாங்க." பிறகு வாத்தைத் தொட்டுப் பார்த்தார். "இது என்ன? யாரு போட்டது?"

நானும் அக்காவும் ஒரே நேரத்தில் அத்தையைக் காட்டிக்கொடுத்தோம். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாரானாள்.

"நான்தான் போட்டேன். இன்னா இப்போ?"

மேடம் சிரித்தார். "நானே சொல்லலாம்னு இருந்தேன். நல்ல கைய கொஞ்ச நேரம் மூடிவெச்சா, வராத கை வேலை செஞ்சு பழகும்னு இப்ப பேசிக்கறாங்க. ஆனா பாட்டியம்மா, நாள் பூரா போடக்கூடாது. வெளையாடறப்ப, கொஞ்ச நேரம், பக்கத்துல இருந்து. குழந்தை சிரிக்கணும். மத்த நேரம் ரெண்டு கையும் சேந்து வேலை செய்யணும்."

பாட்டியம்மா என்றதை அத்தை அந்த ஒரு நாள் மட்டும் மன்னித்தாள். என் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பது போல் புருவத்தைத் தூக்கினாள். அந்தப் பெருமை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அக்கா மெல்லிய குரலில் கேட்டாள், "மேடம், கை முழுசா சரியாயிடுமா?"

"நல்லா முன்னேறும். எவ்ளோன்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா இவ இடது கைக்காரியாதான் இருப்பா. எழுதறது, சாப்பிடறது எல்லாம் அதுலதான். வலது கை அதுக்கு ஹெல்ப் பண்ணும்."

அத்தை மேடத்தின் எதிரே போய் நின்றாள்.

"ஹெல்ப்பா? சோத்தாங்கை ஹெல்ப்பரு, பீச்சாங்கை சூப்பர்வைசரா? எந்த ஊரு கம்பெனிம்மா இது?"

"இவ ஊரு கம்பெனி" என்றார் மேடம், பாப்பாவின் வயிற்றில் விரலால் தட்டி.

அன்றே திரும்பினோம். ரயிலில் ஒரு வேர்க்கடலைக்காரன் இடது கையால் பொட்டலம் நீட்டினான். அத்தை பார்த்தாள். வாங்கவில்லை. ஆனால் திட்டவும் இல்லை. எனக்கு அவளை அன்று கிண்டல் செய்ய ஒன்றும் தோன்றவில்லை. நான் சும்மா இருந்தால் எனக்குக் காய்ச்சல் என்று எங்கள் வீட்டில் நினைப்பார்கள். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இப்போது பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள் என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் பதறிக்கொண்டே படிப்பீர்கள். இடது கையால் எழுதுகிறாள். வலது கை பேப்பர் நகராமல் அமுக்கிப் பிடிக்கும். வலது காலைக் கொஞ்சம் நுனியில் வைத்து நடப்பாள். ஓடும்போது யாரும் பிடிக்க முடியாது. வாய் மட்டும் அத்தையுடையது.

அது பிறகு. அப்போது என்ன நடந்தது என்றால், எங்கள் வீட்டுக் கூடத்தை அத்தை கம்பெனி ஆக்கிவிட்டாள். காலையில் ஒரு ஷிப்டு, சாயங்காலம் ஒரு ஷிப்டு. பாயில் குப்புறப் போட்டு வலது கை மேல் எடை விழுகிற மாதிரி உருளைத் தலையணை. ஒரு தாம்பாளத்தில் அரிசி, ஒன்றில் கேழ்வரகு. முஷ்டியை அதில் மெதுவாக அளையவிடுவாள். விரலைப் பிடித்து இழுத்துத் திறக்கக்கூடாது, இழுத்தால் இன்னும் இறுகும், தானாகத் திறக்க விட வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். பார்க்க வருகிற பெண்கள் எல்லாம் முதலில் அதைத்தான் செய்வார்கள்: "இன்னாடி ராசாத்தி, கைய தொற" என்று விரலைப் பிரிப்பார்கள்.

"உன் கைய ஒடச்சி அடுப்புல வெப்பேன், எடுடி" என்பாள் அத்தை. எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வருவது குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வருவார். ஒரு கம்பெனியில் வெல்டர், வாரம் ஒரு ஷிப்டு மாறும், எப்போதும் பாதித் தூக்கம். வந்ததும் பாப்பாவை ஒரு உள்ளங்கையில் நிறுத்தித் தூக்கிக் காட்டுவது அவருடைய வழக்கம். குச்சி மாதிரி விறைத்து, கால் நுனியில் நிற்கும். "பாத்தியாடா மச்சான், இப்பவே நிக்கிறா!" என்பார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையும் தூக்கினார். அக்கா பாப்பாவை வாங்கக் கையை நீட்டினாள். அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"மாப்ள, கொயந்தைய கீய எறக்குங்க" என்றாள் அத்தை. "அது நிக்கல. வெறச்சிகினு கீது."

"இன்னா அத்தே சொல்றீங்க?"

"உங்க பொண்ணுக்கு சோத்தாங்கை வேலைக்கு வரல. சோத்தாங்கால் பாதி நாள் லீவு. மூளையில அடி. ஆஸ்பத்திரியில பாத்தாச்சி. பயிற்சி குடுத்துகினு கீறோம்."

மாமா பாப்பாவைப் பாயில் வைத்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா அடுப்புப் பக்கம் பார்த்தாள்.

"ஏன்டி எனக்கு சொல்லல?"

"உங்கம்மா…" என்று ஆரம்பித்தவள் அதற்குமேல் போகவில்லை.

மாமா பாய் ஓரமாக உட்கார்ந்தார். பிறகு தன் சுண்டுவிரலை அந்த முஷ்டியின் இடுக்கில் நுழைத்து வைத்துக்கொண்டார்.

"எங்கம்மாவுக்கே ஒரு கண்ணுல பூ. அவங்கள யாரு கேக்குறா?" என்றார். "அத்தே, அந்த சாக்ஸ எப்பிடி மாட்றது, எனக்கு காட்டுங்க."

அவர் போட்ட முடிச்சு அரை நிமிஷத்தில் அவிழ்ந்தது. "வெல்டிங் வெக்காதீங்க மாப்ள, முடிச்சி போடுங்க" என்றாள் அத்தை. அக்கா அழுகையும் சிரிப்புமாக முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மணிமங்கலம் போவது கொஞ்சம் தள்ளிப்போகட்டும், கை வருகிற வரை இங்கேயே இருக்கட்டும் என்று அன்றே முடிவாயிற்று.

இதைப் படித்துவிட்டு அத்தை திருந்திவிட்டாள் என்று நினைத்தால் நீங்கள் அவளை அறியாதவர்கள். அவள் பீச்சாங்கையோடு சமாதானம் ஆகவில்லை. அந்த மேடம் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத் தீர்மானித்திருந்தாள். கொஞ்ச நேரம் என்று சொன்ன சாக்ஸ் மெல்ல மெல்ல நீண்டது. அக்கா குளிக்கப் போனால் மாட்டிவிடுவாள், கடைக்குப் போனால் மாட்டிவிடுவாள். ஒருநாள் அக்கா சீக்கிரம் திரும்பிவந்து சாக்ஸைக் கழற்றியபோது, பாப்பாவின் இடது கை விரலிடுக்கெல்லாம் வேர்வையில் ஊறிச் சிவந்திருந்தது. பாப்பா ஏற்கனவே அழுது ஓய்ந்திருந்தாள்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் அத்தை சமாளித்திருப்பாள்.

"அத்தே, உனக்கு இவ சோத்தாங்கை வரணுமா, பீச்சாங்கை தோக்கணுமா?"

   அத்தை தாம்பாளத்து அரிசியைக் கொட்டி டப்பாவில் போட்டு மூடிவைத்துவிட்டு, தன் வீட்டுக்குப் போனாள்.

பல நாள் வரவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. கேன்டீனில் எனக்கு அப்பளம் மௌனமாக விழுந்தது. நான் வேண்டுமென்றே இடது கையை நீட்டிப் பார்த்தேன். அதிலும் விழுந்தது. 

வீட்டில் அக்காவும் நானும் பயிற்சி கொடுத்தோம். மேடம் சொன்ன நேரம்தான் சாக்ஸ். ஆனால் பாப்பா எங்களிடம் வேலை செய்யவில்லை. கரண்டியை ஆட்டினால் கொட்டாவி விட்டது. திட்டுகிற குரல் இல்லாமல் அதற்குப் பழக்கம் இல்லை போலிருக்கிறது. கடைசியில் அக்காவே ஒரு காலை வேளையில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள்.

"அத்தே, உன் பேத்தி லைன்ல வேலை ஓடல. வந்து பாரு."

அத்தை வந்தாள். தலை வாரி, பின்னல் போட்டு, கையில் சாப்பாட்டுப் பையோடு, பஸ்ஸுக்குக் கிளம்பிய கோலத்தில் வந்தாள். கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.

"சாக்ஸு எவ்ளோ நேரமா கீது?"

"இப்பதான் போட்டேன்."

"சரி" என்று உள்ளே வந்து, பாயில் குப்புறக் கிடந்த பாப்பாவை முகர்ந்து பார்க்கக் குனிந்தாள். பின்னல் தோளிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது, பாப்பாவின் வலது பக்கமாக.

பாப்பா அதைப் பார்த்தாள். வாத்து துடித்தது, ஆனால் அது தூரம். வலது தோள் முன்னே வந்தது. முஷ்டி பாயில் உரசிக்கொண்டு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. விரல்கள் விசிறி மாதிரி ஒருமுறை விரிந்தன. பின்னலின் நுனியைப் பிடித்து, இறுக்க மூடிக்கொண்டன.

"ஐயோ" என்றாள் அக்கா.

"யாரும் கிட்ட வராதீங்க" என்றாள் அத்தை. தலை பாயோடு பாயாக, இடுப்பு வளைந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "புடிச்சிட்டா இல்ல?"

"புடிச்சிட்டா."

"என்னால பாக்க முடியல. எந்தக் கைடா?"

"சோத்தாங்கை அத்தே."

"பொய் சொல்லாத."

"உன் மேல சத்தியமா."

பாப்பா பின்னலை இழுத்தது. நல்ல இழுப்பு. அத்தை "ஆ" என்றாள், "அப்பிடித்தான்" என்றாள், அசிங்கமாக ஒரு வார்த்தையும் சொன்னாள். வெளியே மெயின் ரோட்டில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"அத்தே, பஸ்ஸு" என்றேன். "விரலை பிரிச்சி உட்றேன், இரு."

"தொட்ட, கொன்னுடுவேன். தானா உடணும்னு அந்தப் பொண்ணு சொல்லல? அவளே உடட்டும்."

பிடித்தது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தக் கைக்கு விடுவது அதைவிடக் கஷ்டம். பாப்பா விட நினைக்கிறாளா இல்லையா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. புருவத்தைச் சுருக்கித் தன் முஷ்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது யாருடையது என்பது போல. கண் சொருகியது.

"தூங்குறா" என்றாள் அக்கா. "தூங்கினா தானா தளர்ந்துடும் அத்தே."

"தூங்கி உட்டா சேத்தி இல்ல! எழுப்புடீ! டேய், நீ எதுனா கோமாளித்தனம் பண்ணு, அதுக்குத்தானே உன்னை பெத்தாங்க!"

நான் குட்டிக்கரணம் போட்டேன். கரண்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினேன். பாப்பா கண் விழித்து என்னைப் பார்த்து வழக்கம்போல் முகத்தைக் கோணியது, அழப்போனது, மனம் மாறிச் சிரித்தது. ஹாரன் இன்னொரு முறை அடித்து, பஸ் கிளம்பிய சத்தம் கேட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

முதலில் சுண்டுவிரல் நகர்ந்தது. அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கை முழுவதும் ஒருமுறை நடுங்கி, உள்ளங்கை தெரிந்தது. வியர்த்த, வெளுத்த, பேனா முனையால் கோடு போட்ட மாதிரி ரேகை ஓடிய ஒரு சின்ன உள்ளங்கை. அதில் அத்தையின் நரைத்த முடி நாலைந்து ஒட்டியிருந்தது.

"உட்டுட்டா அத்தே" என்றேன். 

அத்தை நிமிர்ந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கலைந்த தலையோடு, அந்த விரிந்த கையைப் பார்த்தாள். அக்கா வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். அத்தை அழவில்லை. மூக்கை உறிஞ்சினாள். பஸ் போன திசையை ஒருமுறை பார்த்தாள். பிறகு சாப்பாட்டுப் பையைத் தள்ளிவைத்துவிட்டு, மறுபடியும் பாயில் குனிந்து, பின்னலை எடுத்துப் பாப்பாவின் முன்னால் போட்டாள்.

"ஒரு தபா புடிச்சா ஆச்சா? இன்னொரு தபா புடிடி, திருடி."